ஹொக்கி கோலியின் கால் பேட் வேறு, விக்கெட் கீப்பரின் கால் பேட் வேறு

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், அணி, ரிங்க் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மகளுக்கு 11 வயது. இரண்டு வருடமாக ஐஸ் ஹொக்கியில் கோலியாக, அதாவது கோல் காப்பாளராக, நிற்கிறாள். போன வருடம் யாரும் சேரக்கூடிய ஹவுஸ் லீக், இந்த வருடம் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ரெப் அணியில் இடம் கிடைத்திருக்கிறது. கிழமைக்கு இரண்டு பயிற்சி, இரண்டு ஆட்டம், சனிக்கிழமை காலையில் கோலிகளுக்கென்று தனிப் பயிற்சியாளர். இது போதாதென்று கோடையில் எட்டுக் கிழமை முகாமுக்கும் அனுப்ப வேண்டும் என்கிறார் தகப்பன். அவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியின் விக்கெட் கீப்பர், மகளும் காப்பாளராக நிற்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். அமெரிக்கப் பல்கலைக்கழக உதவித்தொகை பற்றி இப்போதே பேசுகிறார். உபகரணங்கள் எல்லாம் தெரிந்த ஒருவரிடம் பழசாக வாங்கியவை. "வளருற பிள்ளைதானே" என்று கால் பேட் இரண்டு சைஸ் பெரிதாக எடுத்திருக்கிறார்கள்.

மூன்று கிழமையாக மகள் வலது தொடை இடுக்கில் வலிக்கிறது என்கிறாள். நன்றாக ஸ்ட்ரெச் பண்ணினால் போய்விடும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். "பொம்பிளைப் பிள்ளை காலை அகட்டி அகட்டி விழுந்தால் இடுப்பு என்னத்துக்கு ஆகும், நாளைக்குப் பிள்ளை பெற வேண்டாமா, பேசாமல் பழையபடி பரதநாட்டியத்துக்கு அனுப்பு" என்பது மாமியின் கட்சி. தாய்க்குப் பெரிய பயம் பக் என்ற அந்த ரப்பர் வட்டுதான், அது நெஞ்சிலோ முகத்திலோ பட்டால் என்ன ஆவது என்று. ஓய்வு கேட்டால் அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம் அதற்கு அடுத்தது. தோற்ற நாட்களில் மகள் காரில் அழுகிறாள் என்று கடைசியில் ஒரு வரியில் எழுதி, "நிறுத்திவிடவா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

நிறுத்த வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வலிக்குக் காரணம் தெரியும்வரை அவள் ஐஸில் முழங்கால் போட்டு விழக்கூடாது, அதில் மட்டும் பேரம் பேச முடியாது. உங்கள் கடிதத்தில் பக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, பேடைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் விளையாட்டு மருத்துவம் பார்க்கிறவள், எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

பக் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள ரப்பர் வட்டு, எடை ஏறத்தாழ 170 கிராம். அது பறந்து வரும்போது பெற்ற வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அதைத் தடுப்பதற்கென்றே அறுபது எழுபது வருடமாக உபகரணங்களைத் திருத்தித் திருத்திச் செய்திருக்கிறார்கள். 1959 நவம்பர் 1ஆம் தேதி மொன்றியல் கோலி ஜாக் பிளான்ட், முகத்தில் பக் பட்டுத் தையல் போட்ட பிறகு, முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று நின்ற கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அவருடைய பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை, பார்வையை மறைக்கும் என்றார். (பயிற்சியாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கும் பெற்றோருக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.) ஆக, பக் அடிபடுவதற்குப் பதில் கண்டுபிடித்தாயிற்று. இடுப்பு மூட்டு தேய்வதற்குக் கடையில் வாங்கிப் போடக்கூடிய கவசம் கிடையாது.

முதலில் அந்த வலி

இன்றைய கோலிகள் எல்லாரும் பழகுவது பட்டர்ஃபிளை என்ற முறை. முழங்கால்கள் இரண்டும் உள்ளே சேர்ந்து ஐஸில் இறங்க, கணுக்கால்கள் வெளியே விரியும், வண்ணத்துப்பூச்சியின் இறக்கை மாதிரி. கிளென் ஹால் தொடங்கி, 1980களில் பாட்ரிக் றுவா பிரபலமாக்கியது. கீழே வரும் பக்கை அடைப்பதற்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் இதற்குத் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்புறமாகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு இருக்காது, சிலருக்கு எலும்பின் அமைப்பிலேயே குறைவு. எவ்வளவு ஸ்ட்ரெச் பண்ணினாலும் எலும்பு நீளாது. எலும்பு இடிக்கிற இடத்தில் தசையை இழுத்துக்கொண்டே இருந்தால் வலி கூடத்தான் செய்யும்.

வளரும் வயதில் இந்த மூட்டில் திரும்பத் திரும்பப் பாரம் விழுந்தால் தொடை எலும்பின் கழுத்தில் ஒரு சின்ன மேடு உருவாகலாம். அது பிற்காலத்தில் கிண்ணத்தின் விளிம்பில் உரசும். ஹொக்கி விளையாடும் சிறுவர்களையும் பனிச்சறுக்கு விளையாடும் சிறுவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஹொக்கிப் பிள்ளைகளிடம் இது அதிகமாக இருந்தது, வயது ஏற ஏறக் கூடியும் இருந்தது. உங்கள் மகளுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. 11 வயதில் தொடை இடுக்கு வலிக்குத் தசைப்பிடிப்பு, தசைநார் ஒட்டும் வளர்ச்சிப் பகுதியில் எரிச்சல் என்று சாதாரணக் காரணங்களே அதிகம். ஆனால் தொடை எலும்பின் தலை, வளர்ச்சித் தகட்டிலிருந்து மெல்ல வழுக்குகிற ஒரு நோயும் இந்த வயதில்தான் வரும். அரிதானது, தவற விட்டால் மோசமானது. அதில் சில பிள்ளைகள் இடுப்பு வலிக்கிறது என்றே சொல்வதில்லை, முழங்கால் வலி என்றுதான் வருவார்கள். மூன்று கிழமை என்பது பொறுத்துப் பார்க்கும் காலத்தைத் தாண்டிவிட்டது.

அதனால் இந்தக் கிழமையே குடும்ப வைத்தியரிடம் காட்டி, இடுப்புக்கு எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். நொண்டி நடந்தால், காலை ஊன்ற முடியாவிட்டால், காய்ச்சலும் சேர்ந்திருந்தால், இரவில் வலியால் எழும்பினால் நேரம் எடுத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வைத்தியரைப் பார்ப்பதும் எக்ஸ்ரேயும் ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப்பில் வரும். பிசியோதெரபிக்குக் காசு கட்ட வேண்டுமே என்று பலர் தள்ளிப் போடுகிறார்கள். 19 வயது வரை உள்ளவர்களுக்கு வைத்தியரின் கடிதம் இருந்தால் அரசு நிதியில் நடக்கும் பிசியோ கிளினிக்குகளில் இலவசம், எந்த கிளினிக் என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்கால்களை மடித்து, பாதங்கள் இரண்டையும் வெளிப்பக்கமாகத் தானாக விழ விடச் சொல்லுங்கள். நீங்கள் அழுத்தாதீர்கள். ஒரு பக்கம் நன்றாக விழுந்து மறுபக்கம் பாதியில் நின்றாலோ வலித்தாலோ, அதை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள். இது பரிசோதனைக்கு மாற்று இல்லை, சொல்வதற்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

அந்தப் பேட்

இப்போது உங்கள் கணவர் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும்.

கிரிக்கெட்டில் காலுக்குப் பேட் கட்டுவது எப்படி? இறுக்கி, காலோடு ஒட்டி, ஓடும்போது சுழலாதபடி. அந்தக் கை பழகிய பழக்கம் போகாது. என்னிடம் வரும் நம்மவர் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாதான் வார் இறுக்கி விடுகிறார். ஹொக்கி கோலியின் பேட் இதற்கு நேர் எதிர். அது காலைச் சுற்றித் தளர்வாகச் சுழல வேண்டும். பிள்ளை முழங்காலில் இறங்கும்போது பேட் தானாகத் திரும்பி அதன் முகம் பக் வரும் திசையைப் பார்க்கும், கால் அவ்வளவு திரும்பத் தேவையில்லை. கால் விரல் பக்கத்து நாடாவையும் கெண்டைக்கால் வார்களையும் இறுக்கிவிட்டால் பேட் திரும்பாது, அது செய்ய வேண்டிய திருப்பத்தை முழங்காலும் இடுப்பும் செய்ய வேண்டி வரும். ஒரு பயிற்சியில் அவள் எத்தனை தடவை விழுந்து எழுகிறாள் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று விளங்கும்.

சைஸ் இதோடு சேரும்போது இன்னும் கெடுகிறது. ஸ்கேட் போட்டுப் பேடைக் கட்டி நின்றால், முழங்கால் சில்லின் நடு, பேடின் முழங்கால் மடிப்புக்கு நேரே வர வேண்டும். கீழே இறங்கினால் முழங்கால் பேடின் உட்பக்கத்தில் இருக்கும் தடித்த மெத்தையின் நடுவில் உட்கார வேண்டும். இரண்டு சைஸ் பெரிதென்றால் முழங்கால் மெத்தைக்குக் கீழே விழும், சில வேளை வெறும் ஐஸிலேயே விழும், மேல்பகுதி இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு காலை இன்னும் அகட்டும். பள்ளிக்கூடச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி மடித்துத் தைக்கிற நம் புத்தி எனக்கும் தெரியும், நானும் அப்படி வளர்ந்தவள்தான். கோலி பேடில் மட்டும் அது ஆகாது. வீட்டுக் கம்பளத்தில் முழு உடுப்போடு முழங்கால் போடச் சொல்லிப் பாருங்கள், வலி இருக்கும்வரை ஒரே ஒரு தடவை, மெதுவாக. ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வலிக்கு இதுதான் காரணம் என்று பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நான் முதலில் மாற்றச் சொல்வது பேடைத்தான்.

பழசில் எதை வாங்கலாம்

புதிதாக முழு செட் வாங்கினால் ஆயிரம் டொலரை லேசாகத் தாண்டும், வளர வளர மாற்றவும் வேண்டும், அதனால் பழசு வாங்கியதில் தப்பே இல்லை. சைஸ் சரியான கால் பேட், தடி பிடிக்கும் கைக்குப் போடும் பிளாக்கர் கையுறை, தடி எல்லாம் பழசாக இருக்கலாம். பக்கைப் பிடிக்கும் கேட்சர் கையுறையும் அப்படியே, ஆனால் அது எந்தக் கைக்கு என்று பாருங்கள். அவள் பந்தை இயல்பாக எந்தக் கையால் பிடிக்கிறாள் என்பது அப்பாவுக்கே நன்றாகத் தெரியும்.

முகமூடி விஷயம் வேறு. எத்தனை அடி வாங்கியது என்று தெரியாத முகமூடியை நான் என் பிள்ளைக்குப் போட மாட்டேன். சிஎஸ்ஏ என்ற கனடியத் தரச்சான்று ஸ்டிக்கர் முகமூடியின் ஓட்டிலும் இருக்க வேண்டும், முகக் கம்பியிலும் இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் போடும் பூனைக்கண் வடிவக் கம்பி பார்க்க அழகு, அதன் இடைவெளி பெரிது, தடியின் நுனி உள்ளே வரலாம். சிறுவர் ஹொக்கியில் அதற்கு அனுமதி இல்லை. பழைய முகமூடிகளோடு அது அடிக்கடி வந்துவிடும், கவனியுங்கள்.

கழுத்துக் காப்பைப் புதிதாகவே வாங்குங்கள், முழுச் செலவில் அது ஒரு சின்னத் துண்டு. 1989 மார்ச்சில் பஃபலோ அணியின் கோலி கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்தை ஒரு ஸ்கேட் அலகு வெட்டியது, அவர் பிழைத்தது அணி உதவியாளரின் கைவேகத்தால். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அதே மாதிரிக் கழுத்தில் வெட்டுப்பட்ட ஆட்டக்காரர் ஆடம் ஜான்சன் பிழைக்கவில்லை. கனடாவில் சிறுவர் ஹொக்கிக்கு பிஎன்க்யூ என்ற தரச்சான்று முத்திரை உள்ள கழுத்துக் காப்பு கட்டாயம், கோலிக்கும்தான். முகமூடியின் கீழே தொங்குகிற பிளாஸ்டிக் தகடு அதற்கு மேலதிகமாகப் போடுவது, அதற்குப் பதில் அல்ல.

நெஞ்சுக் காப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு தட்டையாகிப் போயிருந்தால் வேண்டாம். கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பும் நெஞ்செலும்பும் முழுக்க மூட வேண்டும், கை தூக்கும்போது நடுவில் இடைவெளி விழக்கூடாது. நெஞ்சில் படும் அடி இதயத் துடிப்பைக் குழப்புவது மிக அரிது, ஆனாலும் நடந்திருக்கிறது. அதனால் ரிங்கில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள், நான் எந்த ரிங்குக்குப் போனாலும் பார்ப்பேன். இடுப்புக்குக் கீழே போடும் காப்பு பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக உண்டு, அதையும் புதிதாக வாங்குங்கள். மகளுக்குக் கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கும், நீங்கள் கேளுங்கள்.

காசு இடிக்கிறதென்றால் கிளப்பில் கோலி உபகரணம் இரவல் தருவார்களா என்று விசாரியுங்கள், பல இடங்களில், முக்கியமாக ஹவுஸ் லீக்கில், தருவார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஜம்ப்ஸ்டார்ட் அறக்கட்டளையும் உதவுகிறது. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பயிற்சியாளருக்கு என்ன அதிகாரம்

யாரை எந்த ஆட்டத்தில் இறக்குவது என்பது அவர் முடிவு. வலிக்கிற பிள்ளை விளையாடுவதா இல்லையா என்பது அவர் முடிவு அல்ல. ஒன்ராறியோவில் ஒவ்வொரு அணிக்கும் தகுதிச் சான்று பெற்ற ட்ரெய்னர் ஒருவர் பெஞ்சில் இருப்பார், காயம் என்றால் நீங்கள் பேச வேண்டியது அவரிடம். வைத்தியரிடம் ஒரு சின்னக் கடிதம் வாங்குங்கள்: இத்தனை கிழமைக்கு பட்டர்ஃபிளை கூடாது, ஸ்கேட்டிங் செய்யலாம் என்ற மாதிரி. அதை ட்ரெய்னருக்கும் மேனேஜருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். பார்க்கிங்கில் நின்று வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

தலையில் அடி என்றால் சட்டமே இருக்கிறது. 17 வயதில், தலையில் அடுத்தடுத்து விழுந்த அடிகளால் இறந்த றோவன் ஸ்ட்ரிங்கர் என்ற றக்பி வீராங்கனையின் பெயரில் 2018இல் ஒன்ராறியோ கொண்டு வந்தது. மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப இறக்கக்கூடாது. பதிவு செய்யும்போது நீங்கள் வாசித்ததாக உறுதி கொடுத்தீர்களே, அந்தத் தாள் இதுதான். யாரும் வாசிப்பதில்லை.

இடம் போய்விடுமா? நேர்மையாகச் சொன்னால், சில ஆட்டங்கள் போகும். இரண்டாவது கோலி கூடுதலான ஆட்டங்களில் நிற்பாள், அல்லது வேறு அணியிலிருந்து ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். இதற்காக 11 வயதுப் பிள்ளையை நிரந்தரமாக ஒதுக்குகிற அணி என்றால், அந்த அணியில் இருந்து என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்பேன். ஆனால் கட்டிய பணம் திரும்புமா, ஆட்ட நேரம் பற்றி கிளப் எழுதி வைத்த விதி என்ன என்பதை இப்போதே எடுத்து வாசித்து வையுங்கள்.

மாமிக்கு என்ன சொல்வது

பட்டர்ஃபிளை விழுவதால் பின்னாளில் பிள்ளை பெறுவதில் சிக்கல் வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பிரசவத்துக்கு வழிவிடும் இடுப்பெலும்பு வளையம் வேறு, தொடை சுழலும் கிண்ணம் வேறு. மனோன் ரயோம் என்ற பெண் 1992இல் என்எச்எல் என்ற வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்கின் அணி ஒன்றுக்காக, பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில், ஆண்களின் கோலில் நின்றார். அவருக்குப் பிறகு இரண்டு ஆண் பிள்ளைகள், அதில் ஒருவர் தாயைப் போலவே கோலி. இதை மாமியிடம் சொல்லுங்கள், அறிவியலைவிட இது வேகமாக வேலை செய்யும்.

ஆனால் மாமி இடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டதில் பாதி சரி என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள், பெரியவர் சந்தோஷப்படுவார். பரதநாட்டியம் பற்றி அவர் சொன்னதில் அவருக்கே தெரியாத ஒரு நியாயமும் இருக்கிறது. அரைமண்டியில் தொடை வெளிப்புறமாகத் திரும்புகிறது, பட்டர்ஃபிளையில் உட்புறமாக. ஒரே திசையில் தேய்கிற மூட்டுக்கு எதிர்த் திசையில், அதுவும் தசைக் கட்டுப்பாட்டோடு, வேலை கிடைப்பது நல்லதுதான். வலி தீர்ந்த பிறகு, மகளுக்கு விருப்பம் இருந்தால், சனிக்கிழமைத் தனிப் பயிற்சிக்குப் பதிலாக நடன வகுப்பு. இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

கோடையும் உதவித்தொகையும்

பிள்ளையின் வயது எத்தனையோ, கிழமைக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்கமைத்த விளையாட்டு கூடாது, ஒரே விளையாட்டை வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் விளையாடக்கூடாது என்பது நாங்கள் பெற்றோருக்குச் சொல்லும் பொதுக் கணக்கு. மணிக் கணக்கில் நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். மாதக் கணக்கில்தான் அந்த எட்டுக் கிழமை முகாம் இடிக்கிறது. வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு கிழமை போகட்டும். மிச்ச நாட்களில் நீச்சல், சைக்கிள், அப்புறம் கிரிக்கெட். அப்பா பின்வளவில் டென்னிஸ் பந்தை எறிந்து அவளைப் பிடிக்க வைக்கட்டும், ஒரு கையால், இடது கையால், சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை. கோலிக்கு வேண்டிய கண்ணும் கையும் அதில் வளரும், இடுப்புக்கு ஓய்வு. முகாமுக்குக் கட்டும் காசுக்குச் சரியான சைஸ் பேட் வாங்கலாம்.

உதவித்தொகை உண்டு, பெண்களுக்கும் உண்டு. ஆனால் ஓர் அணிக்கு கோலிகள் இரண்டு மூன்று பேர்தான், ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதே இல்லை. 11 வயதில் யார் எங்கே போவார் என்று யாராலும் சொல்ல முடியாது. 16 வயதில் இடுப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களின் பெற்றோருக்கும் இதே திட்டம்தான் இருந்தது.

காரில் அழுவதைப் பற்றி ஒரு வரிதான் எழுதினீர்கள். கோலிக்கு மட்டும்தான் ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் சிவப்பு விளக்கு எரியும், பலகையில் எண் ஏறும். அழட்டும். அந்த நேரத்தில் எந்தக் கோல் எப்படிப் போனது என்று அப்பா விளக்கம் சொல்ல வேண்டாம், என்ன சாப்பிடலாம் என்று கேட்கட்டும். ஆட்டமே இல்லாத நாட்களிலும் அழுகை வந்தால், ரிங்குக்குப் போகும் காலையில் வயிற்றுவலி என்றால், அப்போது எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

எக்ஸ்ரே முடிவு வந்ததும் ஒரு வரி போடுங்கள். அதுவரை பேட் பெட்டிக்குள் இருக்கட்டும். வார் கட்டும் விதத்தைப் பற்றி உங்கள் கணவருக்குக் கோபம் வந்தால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.